ஒரே துண்டு டூட்டிக்கு இருபத்திரண்டு பலசின்தா

காலை ஒன்பது மணிக்கு அன்டல் பேருந்தை டெப்போவில் விட்டுவிட்டு இறங்கினான். விடிவதற்கு முன்னால் நாலு நாற்பதுக்கு ஏறியவன். மறுபடி பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறி ஆறரைக்கு இறங்க வேண்டும். டெப்போவில் இதற்கு ரெண்டு துண்டு டூட்டி என்று பெயர். நடுவில் வரும் ஐந்து மணி நேரம் ஓட்டுநரின் சொந்த நேரம் என்கிறது விதிப்புத்தகம். ஆறு வருடமாக அந்தச் சொந்த நேரத்தில் அன்டல் செய்த ஒரே காரியம், சீருடையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து கிடந்ததுதான்.

இன்று அதற்கும் வழியில்லை. பையில் ஒன்றரைக் கிலோ கோழித் தொடைக்கறியும் ஒரு டப்பா புளித்த பாலேடும் கனத்துக்கொண்டிருந்தன. ஜனவரி பதினேழு. அவனுடைய பெயர்நாள்.

அவனுடையது என்று சொல்வதில் ஒரு சின்ன மோசடி இருந்தது. காலண்டரில் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் ஒரு பெயரோ இரண்டு பெயரோ அச்சாகியிருக்கும். அந்தப் பெயர்க்காரர் வீட்டுக்கு அன்று யாரும் யாரையும் கேட்காமல் போகலாம். வாருங்கள் என்று கூப்பிடுவது பெயர்க்காரருக்கு அழகில்லை. வந்தவரைப் பட்டினியாக அனுப்புவது அதைவிட அழகில்லை. அன்டல் என்ற பெயர் காலண்டரில் இரண்டு இடத்தில் வந்து தொலைத்தது: ஜனவரி பதினேழு, ஜூன் பதிமூன்று. எந்த அன்டலாக இருந்தாலும் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே இருக்க வேண்டும். இரண்டிலும் பரிசு வாங்குகிறவனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது ஊருக்குத் தெரியும்.

டெப்போவில் இரண்டு அன்டல்கள் இருந்தார்கள். ஒருவன் ஜனவரிக்காரன், மற்றவன் ஜூன்காரன். ஆகவே ஒருவனைக் 'குளிர்' என்றும் மற்றவனைக் 'கோடை' என்றும் கூப்பிட்டார்கள். நம் அன்டல் கோடை. பதினைந்து வருடமாகக் கோடை.

கோடையை ஜனவரிக்குத் தள்ளியது லோரின்ட்ஸ் கிழவரின் ஓய்வு. டெப்போவிலேயே ஒரே ஒரு ஒரே துண்டு டூட்டிதான் இருந்தது. காலை ஆறுக்கு ஏறினால் இரண்டுக்கு இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். பதினெட்டு வருடமாக அதை வைத்திருந்த லோரின்ட்ஸ் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பிப்ரவரிப் பட்டியலை டூட்டி போடுகிற கோர்னேல் இந்த வாரம் எழுதுகிறார். அந்த டூட்டி கிடைத்தால் அன்டலால் ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் தூங்க முடியும். அவனுக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் எதுவும் மிச்சமில்லை. ஜூன்வரை காத்திருந்தால் குளிர் இன்று மாலையே கோர்னேலை உட்காரவைத்து, ஊட்டி, டூட்டியை வாங்கிவிடுவான்.

எனவே போன வாரம் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, கோர்னேல் காதில் விழுகிற மாதிரி, "இந்த வருஷம் நான் ஜனவரிலயும் வீட்லதான் இருப்பேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவைத்தான். அழைப்பு இல்லை. வெறும் தகவல்.

அவன் மனைவி ஆகோத்தா ஆஸ்திரியாவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. இது அங்கேயான வாரம். போனை மாவு டப்பாவில் சாய்த்துவைத்து அவளைக் கூப்பிட்டான்.

"வெங்காயம் நறுக்கிட்டியா?"

"நறுக்கிட்டேன்."

"காட்டு." பார்த்தாள். "இதுக்குப் பேரு நறுக்குனதா? செங்கல்லு மாதிரி இருக்கு. இன்னும் பொடிசா. சாப்பிடுறவன் வாயில வெங்காயம்னு ஒண்ணு தட்டுப்படவே கூடாது."

"வாயில தட்டுப்படாத ஒண்ண எதுக்குப் போடணும்?"

"நீ வண்டி ஓட்டுறப்ப நான் ஏதாவது கேக்குறேனா?"

பன்றிக்கொழுப்பை உருக்கி வெங்காயத்தைப் போட்டான். கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்கச் சொன்னாள். வெங்காயம் கண்ணாடியாகும் வேகம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு நகரும் வேகம். அன்டல் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். கண்ணாடியாகிக்கொண்டிருந்தது அவன் கண்கள்தான்.

"அன்டல்! அடுப்புலேருந்து எறக்கு! எறக்கிட்டு மிளகாப்பொடி போடு!"

சட்டியை இறக்கினான். இதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. நெருப்பின்மேல் வைத்தே பொடியைக் கொட்டினால் அது கருகிக் கசக்கும். கசந்த குழம்பை விருந்தாளிக்கு வைத்த வீட்டை மூன்றாவது தலைமுறையும் நினைவு வைத்திருக்கும். காரமில்லாத சிவந்த பொடி மூன்று கரண்டி. கிளறினான். நிறம் ஏறியது. கறியைப் போட்டு, உப்புப் போட்டு, போன ஆகஸ்டில் ஆகோத்தா தக்காளியும் குடைமிளகாயும் வதக்கி அடைத்துவைத்த ஜாடியிலிருந்து பாதியைக் கவிழ்த்து, மூடிவைத்தான்.

"இப்ப மாவக் கரை. மூணு முட்டை, பாலு, மாவு, உப்பு, கடைசியில சோடாத் தண்ணி. கரைச்சு அரை மணி நேரம் விட்டுடு. மாவு ஓய்வெடுக்கணும்."

அன்டல் மாவைக் கரைத்து ஒரு துணியால் போர்த்தினான். அந்த வீட்டில் ஆறு வருடத்தில் முறைப்படி ஓய்வு வழங்கப்பட்ட முதல் ஆள் மாவுதான். சோபாவைப் பார்த்தான். சோபாவும் அவனைப் பார்த்தது.

"சோபா பக்கம் போகாத" என்றாள் ஆகோத்தா, இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து. "போனா மூணு மணிக்குத்தான் எந்திரிப்ப. சரி, பெரியவருக்கு மாத்திரை நேரம். நான் வைக்கிறேன். பாலேட்ட நேரா கொதிக்கிற குழம்புல ஊத்தாத, திரிஞ்சிடும். மொதல்ல ஒரு கிண்ணத்துல கொஞ்சம் குழம்ப எடுத்து அதுல கலக்கு. அன்டல்?"

"ம்."

"அந்த டூட்டி கெடைச்சிடும்ல?"

"கெடைச்சிடும்."

"கெடைச்சா நான் வீட்ல இருக்குற ரெண்டு வாரத்துல நீ முழிச்சிருந்து ஒருதடவ பாக்கலாம்." போனை வைத்துவிட்டாள்.

கறி வெந்ததும் குழம்பிலிருந்து தனியே எடுத்து, எலும்பை நீக்கிப் பொடியாகக் கொத்தினான். வெங்காயத்துக்குச் சொன்ன அதே அளவுதானா என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாயில் தட்டுப்படாத அளவுக்குக் கொத்தினான். அதற்குள் படிக்கட்டு முழுக்க வாசனை இறங்கிப் போயிருக்க வேண்டும், கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடி எதெல்கா அக்கா. முடிக்குச் சுருள் சுற்றியபடியே வந்திருந்தாள்.

"என்னப்பா, கறி வாசனை? யாராவது செத்துட்டாங்களா?"

"பெயர்நாள்க்கா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

எதெல்கா அக்கா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீ ஜூன் ஆளாச்சே."

"இந்த வருஷம் ஜனவரிக்கு வந்துட்டேன்."

"வந்துட்டியா? ஏன், வீடு மாத்துற மாதிரி மாத்திக்கிட்டியா? ஜூன்ல உனக்குன்னு நான் செர்ரி சூப்புல்ல வைப்பேன். இப்ப ஜனவரில உனக்கு எதக் கொண்டாந்து குடுக்குறது? உள்ள உறைஞ்ச உருளைக்கிழங்குதான் இருக்கு."

"ஒண்ணும் வேணாம்க்கா."

"ஒண்ணும் வேணாமா! ஒரு நாள் பாத்து நாள மாத்துனவன், ஒரு நாள் பாத்து வீட்டுக்காரிய மாத்துவான்." சொல்லிவிட்டு சமையலறைக்குள் வந்து, அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி ருசி பார்த்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவளிடமிருந்து கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான். "உப்பு போடு" என்றாள்.

முதல் பலசின்தா, மெல்லிய தோசை மாதிரியான அந்த முட்டை அப்பம், கல்லோடு ஒட்டிக்கொண்டது. உலகத்தின் எந்தச் சமையலறையிலும் முதலாவது ஒட்டும் என்று எதெல்கா அக்கா தீர்ப்புச் சொன்னாள். சுரண்டி எடுத்து அவளே தின்றாள். மற்றவை வந்தன. கையகல மெல்லிசு, விளிம்பில் பழுப்பு. இருபத்திரண்டு. நின்றுகொண்டே ஒவ்வொன்றிலும் கறியை வைத்து, இரு பக்கமும் மடித்து, சுருட்டி, தட்டில் நெருக்கமாக அடுக்கினான். பதினாறாவதைச் சுருட்டும்போது ஓர் ஐந்து நிமிடம் தூங்கிவிட்டான் என்று நினைக்கிறான். எதெல்கா அக்காவின் கணக்குப்படி பத்து. கண் திறந்தபோது அவள் மீதியைச் சுருட்டி முடித்திருந்தாள்.

"ரெண்ட நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள். "கூலி."

மணி ஒன்றரை. தட்டை மூடி ஓவனுக்குள் வைத்துவிட்டு, குழம்பில் பாலேடு கலந்த சாஸைத் தனியே ஒரு சட்டியில் விட்டுவிட்டு ஓடினான். இரண்டு மணி வண்டியை இரண்டுக்கே எடுத்தான். ஆறரைக்கு இறங்கினான். நடுவில் எந்த நிறுத்தத்தில் நின்றான், எதில் நிற்கவில்லை என்று கேட்டால் பயணிகள்தான் சொல்ல வேண்டும்.

கோர்னேல் ஏழேகாலுக்கு வந்தார். ஐம்பத்தேழு வயது, கனத்த உடம்பு, நாலு மாடி ஏறி வந்த மூச்சு. லிஃப்ட் நவம்பரிலிருந்து பழுது. கையில் ஒரு சாக்லேட் பெட்டி. அதன் மூலையில் 'குளிர் அன்டலுக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்ததில் 'குளிர்' என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்து மாற்றியிருந்தார். அதாவது இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறார். ஆனால் எழுதும்போது ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்.

"கடவுள் உனக்கு நீண்ட ஆயுளக் குடுக்கட்டும், கோடை."

"வாங்கண்ணே. உக்காருங்க. குளிர் வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"அவன் நாலரைக்கே எறங்குறான்ல. சும்மா எட்டிப் பாத்தேன்."

எட்டிப் பார்த்தவரின் சட்டையின் மூன்றாவது பொத்தான்மேல் சிவப்பாக ஒரு துளி குழம்பு இருந்தது. அன்டல் அதைப் பார்த்தான். பார்த்ததைக் கோர்னேலும் பார்த்தார்.

"என்ன வச்சான்?"

"அதே கறி பலசின்தாதான்" என்றார் கோர்னேல். குரலில் வேறெதையும் எதிர்பார்க்காத ஒருவரின் துயரம். "அவன் பொண்டாட்டி நாலு வச்சா. நாலாவதோட நான் எந்திரிச்சிட்டேன். நாளைக்கு விடிகாலைல மூணு மணிக்கு நான் டெப்போவுல இருக்கணும்."

பாலேடு திரியாமல் சாஸ் நன்றாக வந்திருந்தது. தட்டில் சுடச்சுட இரண்டு பலசின்தாவை வைத்து, மேலே தாராளமாகச் சாஸை ஊற்றி, நடுவில் ஒரு கரண்டி வெள்ளைப் பாலேட்டை வைத்தான் அன்டல். இருவருக்கும் மதுவுக்குப் பதிலாக ராஸ்பெர்ரி சர்பத்தில் சோடா கலந்து ஊற்றினான். ஒருவன் விடியுமுன் வண்டி எடுக்கிறவன், இன்னொருவருக்கு வயிற்றுப் புண். இரண்டு பேரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டார்கள். கோர்னேல் தட்டைப் பார்த்தார். விருந்தாளியாகப் போன வீட்டில் தட்டில் மிச்சம் வைப்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். தின்ன ஆரம்பித்தார்.

"நல்லாருக்குடா."

"குளிர் வீட்டதவிடவா?"

"ரெண்டும் நல்லாருக்கு."

இரண்டும் முடிந்தன. முடிந்த கணத்தில் மூன்றாவது வந்து உட்கார்ந்தது. வீட்டில் மனைவி இருந்தால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியும். அன்டலுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இடம் காலியாக இருந்தால் வண்டியில் ஆள் ஏறலாம் என்பதுதான்.

"லோரின்ட்ஸ் தாத்தா டூட்டி என்னண்ணே ஆச்சு?"

"பாக்கலாம்" என்றார் கோர்னேல், வாய் நிறைய. ஆறு வருடமாக ஒவ்வொரு ஜூன் பதிமூன்றிலும் அவர் சொல்லிவந்த அதே சொல்.

மூன்றாவது முடிந்தது. நாலாவது வந்தது.

"இன்னொண்ணாடா?"

"பெயர்நாள்ணே."

கோர்னேல் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். பாதி தின்றதும் முள்கரண்டியைக் கீழே வைத்தார். நெற்றியில் வியர்வை. "அது என் கையில இல்லடா, கோடை. மேலேருந்து வந்திருக்கு."

"மேலேருந்துன்னா?"

"மேலேருந்துன்னா மேலேருந்து."

"சாப்பிடுங்கண்ணே."

ஐந்தாவதை வைத்தபோது அன்டலுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபத்துக்கு வேண்டிய சக்தி காலை நாலு நாற்பதோடு தீர்ந்திருந்தது. அவன் வெறுமனே தட்டு காலியானால் நிரப்பினான், அதுதான் வழக்கம். ஆனால் ஐந்தாவதின் பாதியில் ஒன்று நடந்தது. கோர்னேல் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். குளிர் வீட்டில் நாலாவதோடு எழுந்துவிட்டதால் அங்கே அவர் சொல்லாமல் தப்பித்த விஷயம்.

"லோரின்ட்ஸ் டூட்டிய வெட்டிட்டாங்கடா. ஒரே துண்டெல்லாம் இனிமே கெடையாது. ரெண்டா வெட்டிட்டாங்க. ஒரு துண்டு உனக்கு, ஒரு துண்டு குளிருக்கு. இருக்குறதோட சேத்து."

அன்டல் கணக்குப் போட்டான். இந்தக் கணக்குக்கு விரல்கள் போதும்.

"அப்ப எனக்கு மூணு துண்டு."

"மூணு துண்டு."

"நடுவுல ரெண்டு எடைவெளி."

"ரெண்டு சொந்த நேரம்னு போட்டிருக்கேன்" என்றார் கோர்னேல். கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையாடா? பதினோரு டிரைவர் கொறையுது. ஒவ்வொரு நாளும் யாரையாவது ரெண்டா ஒடிச்சுத்தான் பட்டியல் போடுறேன். வீட்டுக்குப் போயி படுத்தா சுவத்துல கட்டம் கட்டமா தெரியுது. கனவுலகூட ஆள் வரமாட்டேங்குறான்."

"குளிருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா அவன் பொண்டாட்டி தட்டப் புடுங்கியிருப்பா."

அன்டல் எழுந்தான். ஓவனிலிருந்து ஆறாவதை எடுத்துக் கோர்னேலின் தட்டில் வைத்தான். சாஸை ஊற்றினான். பாலேடும் வைத்தான். முறைப்படி.

"வேணாம்டா." கோர்னேல் கண்ணைத் திறந்துவிட்டார். "நிஜமா வேணாம்."

"அண்ணே, நாளைக்குக் காலைல நாலு நாப்பது வண்டிய யாரு எடுக்குறது?"

"நீதான். பட்டியல்ல இருக்கே."

"நீங்க எடுங்க."

கோர்னேல் சிரித்தார். சிரிப்பதற்கும் வயிற்றில் இடமில்லாமல் பாதியில் நின்றது. "நான் டூட்டி போடுறவன்டா."

"போடுங்க. உங்களுக்கே போடுங்க. லைசென்ஸ் இருக்குல்ல? இருபது வருஷம் ஓட்டுன ஆளுதானே?"

"கையில ஸ்டியரிங்கப் புடிச்சு ஆறு வருஷமாச்சு."

"நான் விடிஞ்சப்புறம் எந்திரிச்சும் ஆறு வருஷமாச்சு."

"மூணு மணிக்கு டெப்போவத் தொறக்கணும்டா, நான்."

"தொறந்துட்டு எடுங்க. ஒன்றரை மணி நேரம் இருக்கு. உங்க சொந்த நேரம்."

கோர்னேல் ஆறாவது பலசின்தாவைப் பார்த்தார். அது சிவந்த சாஸில் மிதந்துகொண்டு ஆவி விட்டது. கதவைப் பார்த்தார். தட்டை முடிக்காமல் எழுந்து போகிற ஒருவராகத் தன்னைக் கற்பனை செய்து பார்த்தார் போல. அது அவரால் முடியவில்லை.

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா ஒண்ணும் இல்லண்ணே" என்றான் அன்டல். "சாப்பிடுங்க. இன்னும் பதினாலு இருக்கு."

கோர்னேல் உள்பையிலிருந்து நாளைய பட்டியலை எடுத்தார். நாலாக மடித்த தாள். மடிப்பை நீவிவிட்டார். அன்டலின் பெயருக்குமேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினார். தன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிப் பழக்கமில்லாததால் அது கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. கையெழுத்தும் போட்டார்.

"காலைல மட்டும்தான்" என்றார்.

"காலைல மட்டும்தான். ரெண்டு மணிக்கு நான் வந்துடுறேன். பிப்ரவரியப் பத்தி சாயந்திரம் பேசுவோம், குளிரையும் கூட்டிட்டு வர்றேன்."

"அவனையுமா?"

"அவனுக்கும் தெரியணும்ல."

ஆறாவது இருந்த தட்டை அன்டலே எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். கோர்னேல் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கோட்டைப் போட்டார். பொத்தான்கள் எட்டவில்லை. ஒரு வாழ்த்து மாதிரி ஏதோ முணுமுணுத்தபடி படியிறங்கினார். அன்டல் வாசலில் நின்று அந்தக் காலணிச் சத்தம் மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி என்று இறங்குவதைக் கேட்டான். இரண்டாம் மாடியில் அது நின்றது.

"கோடை!" கீழிருந்து குரல். "அந்த வண்டில ஏதாவது கோளாறு இருக்கா? நான் தெரிஞ்சுக்க வேண்டியது?"

"புகார் புத்தகத்துல எழுதியிருக்கேன்ணே! போன மார்ச்சுலேருந்து!"

"அந்தப் புத்தகம் எங்க இருக்கு?"

"உங்க மேசை டிராயர்ல!"

பிறகு காலணிச் சத்தம் மறுபடி இறங்க ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக. அன்டல் கதவைச் சாத்தினான். மணி எட்டேகால். தட்டு, சட்டி, கோப்பை எல்லாம் மேசையில் அப்படி அப்படியே கிடந்தன. சீருடையின் மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். பிறகு யோசித்துப் பார்த்து, கால்சட்டையையும் கழற்றினான்.